விலையும் எடையும்: வீடு கட்ட வெளிநாட்டுப் பொருள் வாங்குவது பற்றி

தமிழ்நாட்டில் ஆயிரம் சதுர அடியில் காங்கிரீட் தளம் போட்ட ஒரு வீட்டை எழுப்ப ஏறத்தாழ 400 மூட்டை சிமெண்டும், நான்கு டன்னை ஒட்டிய முறுக்குக் கம்பியும் தேவைப்படும் என்பது பொறியாளர்களும் மேஸ்திரிகளும் வாய்க்கணக்காகச் சொல்லும் அளவு. இவற்றோடு மணல், ஜல்லி, செங்கல், மரம், தரைக்குப் பதிக்கும் டைல்ஸ், குளியலறைச் சாமான்கள், மின்கம்பிகள், வண்ணப்பூச்சு ஆகியவற்றையும் சேர்த்தால் மொத்தச் செலவில் மூன்றில் இரண்டு பங்கு பொருளுக்கும், எஞ்சிய ஒரு பங்கு கொத்தனார், சித்தாள், தச்சர், கம்பி கட்டுபவர் ஆகியோரின் கூலிக்கும் போகும். கூலியைக் குறைக்க முடியாது, குறைப்பது நியாயமும் ஆகாது என்பதால், செலவைச் சுருக்க நினைப்பவரின் கண் பொருள்களின் மீதே விழுகிறது. உள்ளூர்க் கடையில் சொல்லும் விலைக்கும், சீனாவிலோ மலேசியாவிலோ தொழிற்சாலை வாசலில் சொல்லப்படும் விலைக்கும் உள்ள வேறுபாட்டைக் கைப்பேசித் திரையிலேயே பார்த்துவிட முடிகிற இக்காலத்தில், நேரடியாக அங்கிருந்தே வாங்கினால் என்ன என்ற எண்ணம் வீடு கட்டத் தொடங்கும் பலருக்கும் எழுகிறது. அந்த எண்ணம் எந்தப் பொருளுக்குப் பலிக்கும், எதற்குப் பலிக்காது என்பதைப் பொருள் பொருளாகப் பார்க்க வேண்டும்.

முதலில் கவனிக்க வேண்டியது, உள்நாட்டுச் சரக்கு என்று கருதப்படுபவற்றின் விலையிலேயே வெளிநாட்டு விலை கலந்திருக்கிறது என்பதாகும். இரும்புத் தாதுவை உருக்கி எஃகாக்கப் பயன்படும் கற்கரி நிலக்கரியைப் பெரும்பாலும் ஆஸ்திரேலியாவிலிருந்தே இந்தியா தருவிக்கிறது. உக்ரைன் போர் மூண்ட 2022ஆம் ஆண்டில் அந்நிலக்கரியின் விலை உலகச் சந்தையில் எகிறியதும் கம்பியின் விலையும் கூடவே ஏறியது. அதைக் கட்டுப்படுத்த அந்த ஆண்டு மே மாதத்தில் எஃகு ஏற்றுமதியின் மீது ஒன்றிய அரசு 15 விழுக்காடு வரி விதித்து, நவம்பரில் விலக்கிக்கொண்டது. சிமெண்ட் சூளைகளும் அப்படித்தான்: அரியலூர், பெரம்பலூர்ப் பகுதிகளில் சுண்ணாம்புக்கல் காலடியிலேயே கிடைத்தாலும், அதைச் சுட்டெடுக்கும் எரிபொருளில் பெருமளவு கடல் கடந்து வரும் நிலக்கரியும் பெட்கோக் எனப்படும் எண்ணெய்ச் சுத்திகரிப்பின் கழிவுக்கரியுமே ஆகும். ஜல்லியும், பாறையை உடைத்துச் செய்யும் மணலான எம்-சாண்டும் மட்டும்தான் பெரும்பாலும் உள்ளூர்க் காரணங்களால் விலை ஏறுபவை. கனிமவளம் கொண்ட நிலங்களுக்கான மாநில அரசின் புதிய வரி 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தபோது குவாரி, கிரஷர் உரிமையாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியதும், அதையொட்டி விலை ஏறியதும் வீடு கட்டிக்கொண்டிருந்தவர்கள் நேரடியாக அனுபவித்தவை.

வெளிநாட்டுப் பொருளால் வீடு கட்டுவது தமிழருக்குப் புதிய வழக்கமும் அல்ல. காரைக்குடி, கானாடுகாத்தான், ஆத்தங்குடி வட்டாரங்களில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் நகரத்தார் எழுப்பிய மாளிகைகளில் பர்மாத் தேக்குத் தூண்களும், இத்தாலியப் பளிங்குத் தரையும், பெல்ஜியம் கண்ணாடியும், ஜப்பானியப் பூ ஓடுகளும் இன்றும் காணக் கிடைக்கின்றன. அவற்றைச் செல்வச் செழிப்பின் காட்சியாக மட்டும் பார்ப்பது பாதி உண்மையே. ரங்கூனிலும் மௌல்மீனிலும் பினாங்கிலும் கிளைகள் வைத்து வட்டித் தொழில் நடத்தியவர்களுக்குப் பொருளை நேரில் பார்த்து வாங்க அங்கேயே முகவர்கள் இருந்தார்கள். கப்பல் போக்குவரத்து அவர்களுடைய அன்றாடத் தொழிலின் பகுதியாக இருந்தது. 1937 வரை பர்மா பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணமாகவே இருந்ததால், தேக்கு சட்டப்படி அயல்நாட்டுச் சரக்கே அல்ல. வாங்கும் இடத்தில் ஆள், கொண்டுவரும் வழி, வரியற்ற எல்லை ஆகிய மூன்றும் கையில் இருந்தவர்களுக்கே அது கட்டுபடியானது. அந்த மாளிகைகளிலேயே உள்ளூர் மணலையும் சிமெண்டையும் நிறப்பொடிகளையும் கண்ணாடித் தகட்டின் மீது வார்த்துக் கையால் செய்யும் ஆத்தங்குடிக் கற்கள், அயல்நாட்டு ஓடுகளுக்கு மாற்றாக இடம்பிடித்ததையும் மறந்துவிடக் கூடாது.

இறக்குமதியின் இலாப நட்டத்தைத் தீர்மானிக்கும் முதன்மைக் கணக்கு, ஒரு பொருளின் எடைக்கும் அதன் மதிப்புக்கும் உள்ள விகிதம். கப்பலிலும் லாரியிலும் கட்டணம் எடையாலும் இடத்தாலும் அமைகிறது. பொருள் மலிவானதா விலையுயர்ந்ததா என்று அவை பார்ப்பதில்லை. ஆகவே கனமும் மலிவும் சேர்ந்த பொருள் தொலைவிலிருந்து வரும்போது அதன் விலையை விடப் பயணச் செலவு மிகுந்துவிடுகிறது. இதற்குத் தமிழ்நாடே ஒரு சான்றைப் பார்த்திருக்கிறது. ஆற்று மணலுக்குக் கடும் தட்டுப்பாடு நிலவிய 2017ஆம் ஆண்டில் ஏறத்தாழ 55,000 டன் மணலுடன் மலேசியாவிலிருந்து ஒரு கப்பல் தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வந்தது. அதை வெளியே எடுத்துச் செல்வதற்கு மாநில அரசு தடை எழுப்ப, வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கும் அங்கிருந்து உச்ச நீதிமன்றத்துக்கும் சென்றது. இறுதியில் அந்த மணலை அரசே வாங்கி, 2018இல் இணைய முன்பதிவின் வழியாகப் பொதுமக்களுக்கு விற்றது. ஒரு யூனிட், அதாவது நூறு கன அடி அளவுள்ள நாலரை டன் மணலுக்கு, துறைமுகத்திலேயே பத்தாயிரம் ரூபாயை ஒட்டிய விலை ஆனது. தூத்துக்குடியிலிருந்து வீட்டு மனை வரையிலான லாரி வாடகை அதற்கு மேல். திருநெல்வேலியில் கட்டுபவருக்கு ஒருவேளை ஒத்துவந்த அந்தக் கணக்கு, சேலத்திலோ சென்னையிலோ கட்டுபவருக்கு ஒத்துவர வழியில்லை. எம்-சாண்ட் ஊருக்கு ஊர் கிடைக்கத் தொடங்கிய பிறகு வெளிநாட்டு மணலைப் பற்றிய பேச்சும் அடங்கிப்போனது.

சிமெண்டும் இதே வகையைச் சேர்ந்தது. ஆனால் அதன் கதையில் வேறொரு பாடமும் இருக்கிறது. உள்நாட்டு விலையை அடக்குவதற்காக 2007 ஜனவரியில் ஒன்றிய அரசு சிமெண்ட் மீதான இறக்குமதி வரியை முற்றிலும் நீக்கியது. அதையடுத்துப் பாகிஸ்தானின் ஆலைகள் இந்தியத் தர அமைவனத்தின் சான்றைப் பெற்று இங்கே விற்கத் தொடங்கின. அட்டாரி–வாகா எல்லையை ஒட்டிய பஞ்சாபில் அது விலை குறைந்த சரக்காக இருந்தது. 2019 பிப்ரவரியில் புல்வாமா தாக்குதலுக்குப் பிறகு பாகிஸ்தான் பொருள்கள் அனைத்துக்கும் 200 விழுக்காடு வரி விதிக்கப்பட்டதோடு அந்த வரத்து முடிந்தது. வெளிநாட்டுச் சிமெண்ட் வந்த அளவு இந்தியாவின் மொத்தப் பயன்பாட்டில் மிகச் சிறியதே. விலை ஏற்றத்தின் வேர் வேறிடத்தில் இருக்கிறது என்று கட்டுமானத் தொழில் அமைப்புகள் இந்தியப் போட்டி ஆணையத்திடம் முறையிட்டதன் பேரில், பேசிவைத்து விலையை ஏற்றியதாகக் கூறி 11 சிமெண்ட் நிறுவனங்களுக்கு 2012இல் ஆணையம் ஆறாயிரம் கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. அந்த வழக்கு மேல்முறையீடுகளில் நீண்டுகொண்டே சென்றது. தமிழ்நாட்டு அரசு 2015இல் மூட்டை 190 ரூபாய்க்கு அம்மா சிமெண்ட் என்ற பெயரில் விற்றபோது, சாதாரணக் குடும்பங்களுக்குக் கிடைத்த ஆறுதல் எந்த இறக்குமதியாலும் கிடைத்திருக்காது. எடை மிகுந்த பொருளுக்கு விலைக் கட்டுப்பாடு உள்ளூரிலேயே நடந்தாக வேண்டும்.

மரத்தின் நிலை இதற்கு நேர் எதிரானது. ஒரு கன அடி மணலின் எடை ஏறத்தாழ 45 கிலோ. தூத்துக்குடியில் விற்ற மலேசிய மணலின் விலைப்படி அதன் மதிப்பு நூறு ரூபாய். உலர்ந்த தேக்கு ஒரு கன அடி இருபது கிலோவுக்கும் குறைவாகவே நிற்கும். அதன் விலையோ சில ஆயிரம் ரூபாய். இந்த ஒரு வேறுபாட்டால்தான் ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையிலிருந்தும், தென் அமெரிக்காவின் ஈக்வடாரிலிருந்தும் வரும் தேக்கு தமிழ்நாட்டுச் சிற்றூர் வீட்டின் வாசற்காலாக நிற்க முடிகிறது. அந்த மரங்களின் மூதாதையும் இந்த மண்ணுக்கு அயலானதல்ல. கேரளத்தின் நிலம்பூரில் 1840களில் மலபார் ஆட்சியர் கொனோலியின் முயற்சியில் உலகின் முதல் தேக்குத் தோட்டம் அமைந்தது. பின்னர் ஐரோப்பியர் ஆட்சியில் இந்திய, பர்மிய விதைகள் ஆப்பிரிக்காவுக்கும் கரீபியத் தீவுகளுக்கும் கொண்டுபோய் விதைக்கப்பட்டன. இயற்கைக் காட்டுத் தேக்குக்குப் பெயர்பெற்ற மியான்மர், 2014 ஏப்ரல் 1 முதல் உருட்டுக்கட்டையாக மரத்தை ஏற்றுமதி செய்வதற்குத் தடை விதித்தது. அந்தக் கட்டைகளைப் பெருமளவில் வாங்கி வந்த இந்திய வணிகர்கள் அதன் பிறகு கானா, நைஜீரியா, தான்சானியா, ஈக்வடார், பனாமா போன்ற நாடுகளின் தோட்டத் தேக்கையே பெரிதும் நாடினார்கள். தூத்துக்குடித் துறைமுகத்தில் இறங்கும் கட்டைகள் அங்குள்ள மரவாடிகளிலும், அறுவை ஆலைகளுக்குப் பேர்போன செங்கோட்டையிலும் பிளக்கப்பட்டுத் தென்மாவட்டங்கள் எங்கும் செல்கின்றன.

ஆனால் தோட்டத் தேக்கை வாங்குபவர் அறிந்திருக்க வேண்டிய செய்திகள் சில உண்டு. மரத்தின் உட்பகுதியில் எண்ணெய்ப்பசையோடு நிறம் தேர்ந்து உறுதிப்பட்டிருக்கும் கட்டையைத் தச்சர்கள் வைரம் என்பார்கள். அதைச் சுற்றியுள்ள வெளிறிய வெளிமரத்தில் கரையானும் வண்டும் எளிதில் ஏறும். இருபது, இருபத்தைந்து ஆண்டுகளில் வெட்டப்படும் தோட்ட மரத்தில் வைரம் குறைவாகவும் வெளிமரம் மிகுதியாகவும் இருக்கும். விலை குறைந்த இறக்குமதித் தேக்கின் ரகசியம் பெரும்பாலும் இதுதான். அடுத்தது அளவை. உருட்டுக்கட்டையை ஹாப்பஸ் என்ற பழைய ஆங்கிலேய முறைப்படி அளக்கிறார்கள்: கட்டையின் சுற்றளவை நான்கால் வகுத்து, வந்ததை அதனாலேயே பெருக்கி, நீளத்தால் மீண்டும் பெருக்க வேண்டும். சுற்றளவு 36 அங்குலமும் நீளம் 8 அடியும் உள்ள கட்டையில் நான்கில் ஒரு பங்கு 9 அங்குலம். ஒன்பதை ஒன்பதால் பெருக்கி, சதுர அடியாக்க 144ஆல் வகுத்து, 8ஆல் பெருக்கினால் நாலரை கன அடி கிடைக்கும். கட்டையின் உண்மையான கனஅளவு ஐந்தேமுக்கால் கன அடியை ஒட்டியது என்றாலும், பட்டையும் ஓரமும் கழியுமென்பதால் இந்த முறை வழக்கத்தில் நிலைத்துவிட்டது. மெலிந்த கட்டையாக இருந்தால் இந்த நாலரை கன அடியும் பலகையாகத் தேறாது. கட்டையாக வாங்குவதா, அறுத்த சட்டமாக வாங்குவதா என்ற முடிவில் இந்த இழப்பையும் அறுவைக் கூலியையும் சேர்த்துப் பார்ப்பவரே ஏமாறாமல் இருப்பார்.

ஒரு வீட்டுக்கு எவ்வளவு மரம் வேண்டும் என்பதையும் இங்கே கணக்கிட்டுப் பார்க்கலாம். ஏழடி உயரமும் மூன்றரை அடி அகலமும் கொண்ட தலைவாசல் நிலைக்கு, ஐந்துக்கு மூன்று அங்குலச் சட்டத்தில், கீழ்ப்படியையும் சேர்த்து 21 அடி நீளம் பிடிக்கும், அது 2.2 கன அடிக்குச் சற்றுக் குறைவு. ஒன்றரை அங்குலக் கதவுப் பலகையைச் சேர்த்தால் தலைவாசல் முழுவதும் ஐந்து கன அடிக்குள் அடங்கும். உள் கதவுகளும் ஜன்னல்களும் சேர்ந்தாலும் நடுத்தரக் குடும்பத்தின் வீட்டுக்கு முப்பது, நாற்பது கன அடிக்கு மேல் தேவைப்படுவது அரிது. இருபது அடி கன்டெய்னர் ஒன்றிலோ பல நூறு கன அடி மரம் வருகிறது. ஆகவே தனி ஒருவர் நேரடியாக மரம் இறக்குமதி செய்வதில் பொருளில்லை. இறக்குமதியின் பயன் மரவாடியில் வணிகரின் வழியாகவே அவருக்கு வந்து சேர்ந்துவிடுகிறது. அவருடைய வேலை, கட்டை எந்த நாட்டினது, எத்தனை விழுக்காடு வைரம், ஈரம் உலர்ந்ததா பச்சையா என்று கேட்டுப் பார்த்து வாங்குவதே. நாட்டின் பெயரை மட்டும் வைத்து விலை சொல்லும் கடையில் நிதானிப்பது நல்லது.

மணலுக்கும் மரத்துக்கும் இடையில் நிற்பவை டைல்ஸ், குளியலறைச் சாமான்கள், குழாய்கள், கீல், தாழ்ப்பாள், கைப்பிடி, அலங்கார விளக்கு, அலுமினியச் சட்டங்கள் ஆகியவை. வெளிநாட்டில் நேரடியாக வாங்குவது என்றாலே பேச்சு இவற்றைப் பற்றியதாகவே இருக்கிறது. இடம் பெரும்பாலும் சீனாவின் குவாங்டாங் மாகாணத்திலுள்ள ஃபோஷான் நகரமாக இருக்கிறது. நூற்றாண்டுகளாகப் பீங்கான் தொழில் நடந்துவரும் அந்நகரத்தைச் சுற்றி டைல்ஸ் ஆலைகளும், மரச்சாமான் சந்தைகளும், அலுமினியப் பட்டறைகளும் நிறைந்துள்ளன. அருகிலுள்ள குவாங்சோவில் 1957 முதல் நடந்துவரும் ஏற்றுமதிப் பொருட்காட்சி ஆண்டுக்கு இருமுறை, இளவேனிலிலும் இலையுதிர் காலத்திலும், உலகெங்கிலுமிருந்து வாங்குவோரை ஈர்க்கிறது. ஆப்பிரிக்காவிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் தங்கள் வீட்டுக்கென்றே அங்கே போய் ஒரு முழுக் கன்டெய்னர் சரக்கு வாங்கி வருவோர் உண்டு. பல கடைகளில் வாங்கியதை ஒரே கிடங்கில் சேர்த்து, சரிபார்த்து, கன்டெய்னரில் ஏற்றி அனுப்பும் முகவர்கள் அதற்குத் தரகு பெறுகிறார்கள்.

அந்த நாட்டவர்களுக்குப் பொருந்தும் கணக்கு இந்தியருக்கு அப்படியே பொருந்துவதில்லை. குஜராத்தின் மோர்பி நகரமே உலகின் பெரிய டைல்ஸ் உற்பத்தி மையங்களுள் ஒன்று. அங்கிருந்து பல நாடுகளுக்கு ஏற்றுமதியும் நடக்கிறது. சீன விட்ரிஃபைடு டைல்ஸ் மீது, அதாவது மண்ணை மிகுவெப்பத்தில் கண்ணாடித்தன்மை பெறச் சுட்ட ஓடுகளின் மீது, இந்திய அரசு பல ஆண்டுகள் பொருள்குவிப்புத் தடுப்பு வரியை விதித்திருந்தது. ஒரு நாட்டின் ஆலைகள் தங்கள் சொந்தச் சந்தையை விடக் குறைந்த விலைக்கு வேறு நாட்டில் சரக்கைக் கொட்டி அங்குள்ள தொழிலை நசுக்காமல் இருக்க விதிக்கப்படும் கூடுதல் வரி அது. எடையும் தடையாக நிற்கிறது. இரண்டுக்கு இரண்டு அடி விட்ரிஃபைடு டைல்ஸ் சதுர அடிக்கு ஏறத்தாழ இரண்டு கிலோ கனக்கும். இருபது அடி கன்டெய்னரில் 26 டன் ஏற்றினால் 13,000 சதுர அடி வந்துவிடும். 1,500 சதுர அடி வீட்டுக்கு, குளியலறைச் சுவர்களையும் சமையலறை மேடையின் பின்சுவரையும் சேர்த்தாலும், 2,500 சதுர அடி போதும். ஐந்து வீட்டுக்கான சரக்கை ஒரு வீட்டுக்காரர் சுமக்க முடியாது. பிறர் சரக்கோடு சேர்த்து இடத்தைப் பங்கிட்டு அனுப்பலாம் என்றால், கனமும் உடையும் தன்மையும் உள்ள பொருளுக்கு அந்த வழியில் கட்டணமும் சேதமும் கூடுகின்றன. எனவே டைல்ஸைப் பொறுத்தவரை மோர்பிக்கு லாரி பிடிப்பதே தமிழ்நாட்டவருக்கு ஃபோஷானுக்குக் கப்பல் பிடிப்பதை விட இலாபம்.

தொழிற்சாலை வாசல் விலைக்கும் வீட்டு வாசல் விலைக்கும் உள்ள தொலைவை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். சீனத் துறைமுகத்தில் கப்பலில் ஏற்றித் தரும் விலையாக ஐந்து லட்சம் ரூபாய்க்குக் குளியலறைச் சாமான்களும் விளக்குகளும் வாங்குவதாகக் கொள்வோம். கப்பல் கட்டணமும் காப்பீடும் 75,000 என்றால், சுங்கத்துறை வரி கணக்கிடும் அடிப்படை 5,75,000 ஆகும். பொருளின் விலைக்கு மட்டும்தான் வரி என்று எண்ணுவோர் இங்கேயே தவறிவிடுகிறார்கள். அடிப்படைச் சுங்க வரி 10 விழுக்காடு என்று வைத்தால் 57,500; அந்த வரியின் மீது சமூக நலக் கூடுதல் வரி 10 விழுக்காடாக 5,750; இவ்வளவும் சேர்ந்த 6,38,250 ரூபாய்க்கு ஒருங்கிணைந்த ஜி.எஸ்.டி. 18 விழுக்காடாக 1,14,885. ஆக மொத்தம் 7,53,135 ரூபாய். துறைமுகக் கையாளும் கட்டணம், சுங்க முகவரின் கூலி, ஊர் வரை லாரி வாடகை, இறக்குகூலி ஆகியவை இன்னும் சேரவில்லை. ஐந்து லட்சம் என்று கண்ட விலை எட்டு லட்சத்தை நெருங்கும்போதுதான் அதை உள்ளூர்க் கடையின் வரியுடன் கூடிய விலையோடு ஒப்பிட வேண்டும். வணிகர் தாம் கட்டிய ஜி.எஸ்.டி.யை விற்பனையில் கழித்துக்கொள்வார்; சொந்த வீடு கட்டுபவருக்கு அந்த வசதி இல்லை. ஆசியான் நாடுகளோடு இந்தியா செய்த சரக்கு வணிக ஒப்பந்தம் 2010 முதல் நடப்பில் உள்ளதால் மலேசியா, தாய்லாந்து, வியட்நாம் போன்ற நாடுகளில் உற்பத்தியான பல பொருள்களுக்குச் சுங்க வரி குறைவு அல்லது இல்லை. ஆனால் பொருள் உண்மையில் அங்கே உருவானது என்பதற்கான பிறப்பிடச் சான்று இருந்தாக வேண்டும்.

மாறிக்கொண்டே இருக்கும் இரண்டு எண்கள் இந்தக் கணக்கை எந்த நேரத்திலும் கலைத்துவிடக் கூடியவை. ஒன்று கப்பல் கட்டணம்: கொரோனாவுக்கு முன் நாற்பது அடி கன்டெய்னருக்கு உலகச் சராசரியாக ஆயிரத்து ஐந்நூறு டாலருக்குக் கீழே இருந்தது, 2021 செப்டம்பரில் 10,000 டாலரைத் தாண்டியது. மற்றொன்று ரூபாயின் மதிப்பு: 2010இல் 45 ரூபாயை ஒட்டியிருந்த டாலர் 2024 டிசம்பரில் 85 ரூபாயைத் தொட்டது. வீட்டு வேலை தொடங்கும்போது பேசிய விலை, பூச்சு முடிந்து சாமான் பொருத்தும் காலத்தில் நிலைத்திருக்கும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை.

சட்டமும் தரமும் சார்ந்த தடைகள் இவற்றுக்குப் பிறகு வருபவை என்றாலும், சிக்கினால் பெரிய இழப்பில் முடிபவை. சிமெண்ட், முறுக்குக் கம்பி, மின்கம்பி, எல்.இ.டி. விளக்கு, பிளைவுட் உள்ளிட்ட பல பொருள்களுக்கு இந்தியத் தர அமைவனத்தின் முத்திரையோ பதிவோ கட்டாயம். அது இல்லாத சரக்கைச் சுங்கத்துறை வெளியே விடாது. மரக்கட்டைக்குத் தாவர நலச் சான்றும் புகையூட்டிப் பூச்சி அழித்ததற்கான சான்றும் தேவை. இறக்குமதியாளர் குறியீட்டெண் வணிகத்துக்கே கட்டாயம், சொந்தப் பயன்பாட்டுக்கு விலக்கு உண்டு என்றாலும், பொருளின் வகைப்பாட்டு எண்ணைத் தவறாகக் குறிப்பிட்டால் அபராதம் அனைவருக்கும் ஒன்றே. தாள்களில் குறை இருந்து கன்டெய்னர் துறைமுகத்தில் தங்கினால், சலுகை நாட்கள் கழிந்த பின் துறைமுகத்துக்கு இடவாடகையும் கப்பல் நிறுவனத்துக்குக் கன்டெய்னர் வாடகையும் நாள்தோறும் ஏறும். சிக்கனமாக மிச்சம் பிடித்த தொகை சில வாரங்களில் கரைந்துவிடும்.

அளவுப் பொருத்தமின்மை இன்னும் நுட்பமான தொல்லை. தரையில் கழிவுநீர் இறங்கும் வகை மேற்கத்தியக் கழிப்பறைக் கோப்பையில், பின்சுவரிலிருந்து கழிவுக்குழாயின் நடுப்புள்ளி வரையுள்ள தொலைவு நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. உள்ளூர் பிளம்பர் தம் வழக்கப்படி குழாயைப் பதித்துத் தரை போட்ட பிறகு, வேறு அளவுக்குச் செய்த கோப்பை வந்து சேர்ந்தால், தரையை உடைப்பதைத் தவிர வழியில்லை. கோப்பையின் வரைபடத்தைக் குழாய் பதிக்கும் முன்பே வரவழைத்து பிளம்பரின் கையில் கொடுத்துவிட வேண்டும். டைல்ஸ் வாங்குவோர் பெட்டியின் மீது அச்சிட்ட நிறத்தொகுதி எண் எல்லாப் பெட்டிகளிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரே பெயர், ஒரே வடிவம் என்றாலும் வெவ்வேறு நாளில் சுட்டவை நிறத்தில் மாறும். உடைவுக்கென்று பத்தில் ஒரு பங்கு கூடுதலாக வாங்காவிட்டால், பிறகு நான்கு ஓடுகளுக்காக யாரும் கப்பல் அனுப்பமாட்டார்கள். உதிரிப் பாகங்களுக்கும் இது பொருந்தும்: குழாயின் உள்ளே தண்ணீரை அடைக்கும் பீங்கான் கார்ட்ரிட்ஜ் பழுதானால் அதே அளவில் உள்ளூரில் கிடைக்குமா என்று வாங்கும்போதே கேட்க வேண்டும். பணம் கொடுப்பதில் முப்பது விழுக்காடு முன்பணம், சரக்கு ஏறியதற்கான கப்பல் ரசீதின் நகல் வந்த பின் எழுபது என்பது நடைமுறை. ஏற்றுவதற்கு முன் மூன்றாமவர் ஒருவரைக் கொண்டு சரக்கைச் சரிபார்ப்பதும், வங்கிக் கணக்கு மாறிவிட்டது என்று திடீரென மின்னஞ்சல் வந்தால் தொலைபேசியில் உறுதிசெய்யாமல் பணம் அனுப்பாதிருப்பதும் மிகவும் முக்கியம்.

உள்ளூர் உற்பத்தி குறைந்த நாடுகளில் இந்த விவகாரம் வேறு முகம் காட்டுகிறது. காங்கேசன்துறையில் 1950இல் நிறுவப்பட்ட சிமெண்ட் ஆலை போரினால் 1990இல் நின்றுபோன பிறகு, இலங்கையில் சுண்ணாம்புக்கல்லிலிருந்து முழுமையாகச் சிமெண்ட் செய்யும் ஆலையாகப் புத்தளம் ஒன்றே எஞ்சியது. மீதித் தேவைக்குச் சிமெண்டையோ அதன் மூலமான கிளிங்கரையோ இறக்குமதி செய்ய வேண்டியிருக்கிறது. அந்நியச் செலாவணியைக் காப்பதற்காக 2020இல் அரசு கொண்டுவந்த இறக்குமதிக் கட்டுப்பாடுகளில் டைல்ஸும் குளியலறைச் சாமான்களும் அடங்கின. 2022இல் டாலரின் விலை இலங்கை ரூபாயில் 200இலிருந்து 360 வரை ஏற, ஆயிரம் ரூபாயை ஒட்டியிருந்த சிமெண்ட் மூட்டை மூவாயிரத்தை எட்டியது. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் பாதியில் நின்ற வீடுகளுக்கு அது ஒரு கொடுங்காலம். வெளிநாட்டுப் பொருளையே நம்பியிருப்பதன் ஆபத்தையும், அதை அறவே அடைப்பதன் ஆபத்தையும் அந்த மூன்று ஆண்டுகள் ஒருசேரக் காட்டின. நியூசிலாந்தில் நேர்ந்தது இதற்கு மாறானது: உட்சுவருக்குப் பயன்படும் ஜிப்சம் பலகையின் சந்தையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் ஒரே நிறுவனத்தின் கையில் இருந்ததால், 2022இல் தட்டுப்பாடு வந்தபோது வீட்டு வேலைகள் மாதக்கணக்கில் தேங்கின. வெளிநாட்டுப் பலகையை ஏற்க நகராட்சிகள் தயங்கின; தொண்ணூறுகளில் அனுமதித்த கட்டுமான முறைகளால் வீடுகள் நீர் கசிந்து அழுகியபோது இழப்பீட்டின் பெரும் சுமை அவற்றின் தலையில்தான் விழுந்திருந்தது. ஏற்கத்தக்க வெளிநாட்டுத் தரச் சான்றுகளை அரசே அறிவிக்க வழிசெய்யும் சட்டம் 2025இல்தான் நிறைவேறியது. தரத்துக்கு யார் பொறுப்பு என்பது தீராதவரை, துறைமுகம் திறந்திருந்தும் விலை குறையவில்லை.

தமிழ்நாட்டில் வீடு கட்டும் ஒரு குடும்பத்துக்கு, அடித்தளம் முதல் கூரை வரையிலான பொருளில் வெளிநாட்டுக் கொள்முதலால் மிச்சமாகக் கூடியது ஏறக்குறைய ஒன்றுமில்லை. மரத்தில் உண்மையான பயன் உண்டு, அது வணிகர் வழியாகக் கிடைக்கிறது. கைப்பிடி, கீல், குழாய், விளக்கு, அலுமினியச் சட்டம் போன்ற எடை குறைந்து மதிப்பு மிகுந்த பொருள்களில் மட்டும், பத்துப் பதினைந்து வீட்டுக்காரர்கள் ஒன்றுசேர்ந்து ஒரே கன்டெய்னரை நிரப்பினால் கையில் காசு நிற்கும். அப்படி ஒன்றுசேர்வதற்கான அமைப்பு புதிதாகத் தேட வேண்டியதும் அன்று. மாநிலமெங்கும் கூட்டுறவு வீட்டு வசதிச் சங்கங்கள் இருக்கின்றன. தூத்துக்குடியிலும் சென்னையிலும் எண்ணூரிலும் துறைமுகங்கள் இருக்கின்றன. கடன் கொடுப்பதோடும் மனை பிரிப்பதோடும் நின்றுவிடாமல், உறுப்பினர்களின் தேவையைத் தொகுத்து, தரச் சான்று பார்த்து, மோர்பியிலோ ஃபோஷானிலோ எது மலிவோ அங்கே மொத்தமாக வாங்கித் தரும் பொறுப்பைச் சங்கங்கள் ஏற்க வேண்டும். அதற்கான விதிகளை வகுத்து, சுங்க நடைமுறை அறிந்த ஆட்களை அமர்த்திக் கொடுக்க மாநிலக் கூட்டுறவுத் துறை முன்வர வேண்டும்.